சீருடை இல்லாத இருவர் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஆவணியில் எங்கள் தெருவிலுள்ள பெரிய வீடொன்றில், ஆச்சியுடன் வசிக்கும் நாற்பது வயது மகன், மனநோய்க்கான மாத்திரையை நிறுத்திச் சில வாரங்களான நிலையில், இரவு பதினோரு மணிக்கு முகப்புக் கதவைப் பூட்டி, அந்த முழ நீளச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று கத்தத் தொடங்கினார். ஆச்சி பின்கட்டு வழியாக ஓடிவந்து சொன்னதும் எங்களுக்குத் தோன்றியது 100 என்ற எண் மட்டுமே. ஜீப் வந்தது, லத்தி கதவைத் தட்டியது; ஆள் வருகிறது என்று அஞ்சியவருக்கு உண்மையாகவே ஆள் வந்துவிட்டது. கடைசியில், அடுத்த தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா, காவலர்களைத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து, “சாப்பிட்டியாப்பா?” என்று தொடங்கி ஒன்றரை மணி நேரம் பேசினார். சாவி ஜன்னல் கம்பி வழியே அவர் கைக்கு வந்தது.

காவலர்களை நான் குறை கூறவில்லை. திருட்டைப் பிடிக்கப் பழகியவர்களை நோயாளி வீட்டுக்கு அனுப்புவது நம் ஏற்பாட்டின் குறை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, போலீசார் பாதுகாப்பில் எடுக்கும் மனநோயாளியை எந்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே நின்று முதலில் பேசப்போவது யார்? 2022இல் தொடங்கிய, டெலி மானஸ் என்னும் தொலைபேசி வழி மனநல உதவி (எண் 14416) நல்ல சேவைதான். கதவைத் திறக்காதவர் காதில் போனை எப்படி வைப்பது?

அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989 முதல், மருத்துவப் பணியாளர் ஒருவரும் நெருக்கடிகால உதவியாளர் ஒருவரும் ஆயுதமின்றி வேனில் சென்று இத்தகைய அழைப்புகளைக் கவனித்து வந்தனர். பணத் தட்டுப்பாட்டால் 2025இல் அங்கே அச்சேவை நின்றுபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலையான நிதி ஏற்பாடு இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது என்று நான் கருதுவது அதனால்தான்.

காரைக்குடி இப்போது மாநகராட்சி. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனையில் ஒரு வண்டி, ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் என்று இரவுப் பணிக்கும் சேர்த்து நியமித்து, 108க்கு வரும் இத்தகைய அழைப்புகளை அவர்களிடம் திருப்பிவிட வேண்டுகிறேன். அந்தச் செவிலியர் அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி