வள்ளுவர் பார்வையில் ஒரு சாராயக்கடை

பெங்களூரில் பழைய கட்டடங்களின் தலையெழுத்தை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அல்சூரில், பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவின் ஓட்டுவீட்டில் இடிப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 'பாழடைந்த கட்டடம்' என்று ஒரே வரி.

ஒரு காலத்தில் அது சாராயக்கடை. நாங்கள் அதைக் கடைவீடு என்போம். 1809இல் இங்கே ஆங்கிலேயரின் தண்டு, அதாவது பட்டாளக் குடியிருப்பு, அமைந்தபின் பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்த தமிழர்களின் பேட்டை இது. மெட்ராஸ் பக்கமிருந்து வரும் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, அங்கே ஒரு கிளாஸ் போட்டுத் திண்ணையிலேயே படுத்துவிடுவார்களாம், பாட்டி சொல்வாள். வாசல் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு திறப்பு. அதன் அடிக்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், நடுவில் குழிந்திருக்கும். காசும் கிளாஸும் உரசித் தேய்ந்த குழி. பக்கத்தில் மாடு கட்டிய இரும்பு வளையம். இப்போது அதில் கேபிள் ஒயர் தொங்குகிறது.

"குடிகாரங்க கூடின இடத்தையா காப்பாத்தணும்?" என்று தெருக்காரர்களே கேட்கிறார்கள். ஏரிக்கரையில் வள்ளுவர் வேறு இருக்கிறார். 18 வருடம் மூடிக்கிடந்து 2009இல்தான் வெளிச்சம் பார்த்த சிலை. கள்ளுண்ணாமைக்கென்றே பத்துக் குறள் எழுதியவர்!

எனக்கும் அந்தக் கடைமேல் பாசமில்லை. கூலி நாளில் பாட்டி அந்தத் திறப்புக்குள் கைநீட்டி, தாத்தா கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறாள். அதற்கும் அந்தக் கல்தான் சாட்சி. துரைமார் பங்களாவைப் படம் பிடிக்க ஆள் வருகிறார்கள். கூலிக்காரனும் அவன் பெண்டாட்டியும் நின்ற வாசல் என்று எதைக் காட்டுவது? 2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் சாராயமே கிடையாது. கடைவீடு பழைய பேப்பர் கடையாகி, பிறகு பூட்டிக்கொண்டது.

சொந்தக்காரரைக் குறை சொல்லமாட்டேன், மனை விலை அப்படி. மும்பையில் 1995லேயே பாரம்பரியக் கட்டட விதிகள் வந்தன. கட்டமுடியாமல் போகும் பரப்புக்கு டி.டி.ஆர். வாங்கலாம், அதாவது அந்தப் பரப்பை வேறிடத்தில் கட்டவோ விற்கவோ உரிமை. இங்கே ரோடு அகலப்படுத்தக் கொடுக்கும் டி.டி.ஆரை ஒரு வீட்டைக் காக்கவும் கொடுக்க வழி பாருங்கள். பழுது பார்ப்பதானால் சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும். முன்பக்கம் யாரோ சிமென்ட் பூசியதில் ஈரம் உள்ளே சிக்கி, அடிச்சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது.

மேற்கு மூலையில் ஓடு சரிந்துவிட்டது, மழை வருகிறது. உங்கள் பொறியாளர் வந்து பார்க்கும்வரை மேலே தார்ப்பாய் போட அனுமதி கொடுங்கள். தார்ப்பாயை நாங்களே வாங்கி வைத்துவிட்டோம்.

இப்படிக்கு,
கடைவீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி