சாட்சி சொல்ல எதுவும் இல்லாதவர்களுக்காக ஒரு மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்களுக்கும், உபதேசியார்களுக்கும், கன்வென்ஷன் மேடைகளில் பேசும் ஊழியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் ஆராதனைகளில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. நோய் நீங்கியவர், வேலை கிடைத்தவர், கடன் அடைத்தவர் எழுந்து நிற்கிறார்கள். நானும் மனதார ஆமென் சொல்கிறேன். ஆனால் நோய் நீங்காதவர் எப்போது எழுவது? உபவாசமிருந்து ஜெபித்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எதைச் சொல்வது? அவர்கள் கடைசி வரிசைக்கு நகர்கிறார்கள், பிறகு வராமலே போகிறார்கள். பின்வாங்கிவிட்டார்கள் என்று நாமும் பேசி முடித்துவிடுகிறோம்.

என் தங்கைக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஜெபிக்க வந்த ஓர் ஊழியர், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்றார். அன்று முதல் அவளால் ஜெபிக்க முடியவில்லை. சிறு வயதில் செய்த தவறுகளைக்கூட ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, இதுதான் காரணமோ என்று என்னிடம் கேட்டாள். சாகும்வரை கேட்டாள்.

ஐயா, அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது? பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபின் கெட்டார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் மூண்டது அவர்கள்மேல்தான், தன் பிறந்த நாளையே சபித்த யோபுவின்மேல் அல்ல.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடித்து வந்த சிறுவர்கள் பலர் அதில் மாண்டார்கள். அந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று நம்மில் யாரால் சொல்ல முடியும்? சொல்ல முடியாதென்றால், அதே வார்த்தையை நம் தெருவில் உள்ள நோயாளியிடம் மட்டும் ஏன் சொல்கிறோம்?

ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறீர்கள். என் வேதாகமத்துக்குள்ளும் பல ஆண்டு அட்டைகள் இருக்கின்றன, எல்லாமே ஆசீர்வாத வசனங்கள். ஆனால் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது நேராகவே கேட்கிறார். 88ஆம் சங்கீதம் துதியின் ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார் கர்த்தர். அதன்மேல் பிரசங்கம் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

தோமாவை நினைத்துப் பாருங்கள். உயிர்த்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். மற்றவர்கள் உயிர்த்தவரைக் கண்டிருந்தார்கள், இவர் காணவில்லை. இருந்தும் அவரை அவர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாளைக்குப் பின் இயேசு வந்தபோது பூட்டிய வீட்டுக்குள் தோமாவும் கூடவே இருந்தார். அந்த எட்டு நாள் அவரைச் சுமந்த சீஷர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நம் கடற்கரைக்கு வந்து பரங்கிமலையில் இரத்த சாட்சியாக மரித்தார் என்று தலைமுறைகளாக நாம் நம்பும் அப்போஸ்தலர் அவர்தான்.

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவன் மகனைக் குணமாக்கினார். இன்று என்னிடம் இருப்பதும் அந்த அரைகுறை ஜெபம்தான். அதைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு ஞாயிறும் வருகிறேன்.

அதனால் கேட்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறாவது, பதில் கிடைக்காத ஜெபங்களையும் சபை நடுவில் சொல்ல இடம் கொடுங்கள். நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது காரணம் தேடாதீர்கள், மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு சங்கீதம் வாசித்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபை உறுப்பினர்களில் ஒருத்தி