கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

திட்டம் வளர்கிறது என்பதை டெலிகிராம் குழுவே காட்டிக்கொடுத்துவிடும். "பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பு இடம் மாறி விழுகிறது, என்ன செய்வது?" என்று திங்களன்று ஒருவர் கேட்கிறார். எட்டாவது பதிலில் விடை கிடைக்கிறது. வியாழனன்று இன்னொருவர் அதையே கேட்கிறார். இடையில் இருநூறு செய்திகள். உருட்டித் தேட யாருக்கும் பொறுமையில்லை, கூகுளிலும் அகப்படாது. மூன்றாம் முறை, விடை தெரிந்தவர் பேசாமல் இருந்துவிடுகிறார். கேட்டவர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

இதற்காக ஒரே நாளில் பத்து அரட்டை அறைகளைத் திறந்துவிடாதீர்கள். ஐம்பது பேர் பத்து அறைகளில் சிதறினால் எல்லாமே வெறிச்சோடும். ஒரே கேள்வியை மூன்று இடத்தில் ஒட்டுவார்கள். அறிவிப்பு, உதவி, உருவாக்கம் என மூன்று போதும். அறிவிப்பில் பராமரிப்பாளர்கள் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள். இரண்டு வகைப் பேச்சு வாரக்கணக்கில் ஒன்றையொன்று குறுக்கிட்டால் மட்டும் நான்காவதைத் திறக்கலாம். அறைகளைப் பெருக்காமல் பேச்சைப் பிரிக்க ஜூலிப் என்ற அரட்டைத் தளம் உதவும். அதில் ஒவ்வொரு உரையாடலுக்கும் தலைப்பு உண்டு. இடம் மாறி விழுந்ததை நகர்த்தலாம், முடிந்ததைத் தீர்ந்ததாகக் குறிக்கலாம். ரஸ்ட் நிரல்மொழியை உருவாக்குவோர் அங்கேதான் பேசுகிறார்கள்.

அரட்டையில் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதியுங்கள். ஆனால் முடிவை அன்றே நிரல் இருக்கும் இடத்தில், அதற்குரிய இஷ்யூவில் (பிழைகளையும் பணிகளையும் பதியும் பக்கத்தில்) எழுதிவிடுங்கள்: என்ன முடிவு, ஏன், எதைக் கைவிட்டோம். நான்கு வரி போதும். 2022 செப்டம்பரில் ஸ்லாக் என்ற அரட்டைத் தளம் தன் இலவசத் திட்டத்தை மாற்றி, 90 நாளுக்கு முந்தைய செய்திகளை மறைத்தது. முடிவுகளை அங்கேயே விட்டுவைத்தவர்களுக்கு, எதை ஏன் செய்தோம் என்று பார்க்க வழியில்லாமல் போனது.

அறையில் சேர்வதற்கான அழைப்பு இணைப்பை நேரே ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) ஒட்டாதீர்கள். டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் அமைப்பை மாற்றாமல் எடுத்த இணைப்பு 7 நாளில் காலாவதியாகும். எட்டாம் நாள் வருபவருக்குக் கதவு சாத்தியிருக்கும். உங்கள் சொந்தக் களப்பெயரில் ஒரு முகவரி வைத்து, அங்கிருந்து அறைக்குத் திருப்பிவிடுங்கள். 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற அரட்டை வலையமைப்பை நடத்திவந்த தன்னார்வலர்கள் விலகி, லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். அதன்பின் தலைப்பில் லிபெராவைக் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட் நிர்வாகம் கைப்பற்றியது. சொந்த முகவரி இருந்தால், அப்படி ஒரு நாளில் ஒரே ஒரு திருப்புதலை மாற்றினால் போதும்.

ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தோன்றும்படி இரண்டு அரட்டைத் தளங்களைப் பாலம் போட்டு இணைப்பதானால், பழுது பார்க்க ஓர் ஆளை முதலில் குறியுங்கள். திருத்தங்களும் மறுமொழிகளும் பாலத்தில் அடிக்கடி சிதையும்.

பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் பொது அறைக்கு வரவிடாதீர்கள். தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்து, அது மூன்று பேருக்காவது போய்ச் சேரும்படி செய்யுங்கள். ஒருவர் ஊரில் இல்லாத வாரத்தில்தான் அந்தக் கடிதம் வரும்.

டெலிகிராம் குழுவுக்கு உரிமையாளர் ஒருவர்தான். அவருடைய எண் போனால் குழுவும் திண்டாடும். புதிய நிர்வாகிகளைச் சேர்க்கும் அதிகாரத்தை இன்னும் இருவருக்கு இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் திட்டங்களுக்குப் பங்களிப்போர்