குமாரு, உன் பறை இன்னும் பரண்லதான் இருக்கா?

டேய் குமாரு,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, தெருமுனைல வர்ற பஸ்ஸோட நம்பர் இப்ப வாசல்ல இருந்தே தெரியுதாம், போற வர்ற பஸ் நம்பர் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்காரு. ஜோசப் அண்ணன் கடைய மார்க்கெட் பக்கம் மாத்திட்டாரு. மத்ததெல்லாம் ராஜி சொல்லியிருப்பா. நாலு மாசமா உன் வாய்ஸ் நோட்டுக்கு பதில் போடல, தப்புதான், கோச்சுக்காத. ஜெர்மனில டார்ட்மண்ட் ஃபுட்பால் ஸ்டேடியத்துல எடுத்து அனுப்புனியே அந்த மஞ்சச் சுவர் வீடியோ, அதுக்கு என்னடா பதில் எழுதுறது? ஒரே ஸ்டாண்டுல ஏறக்குறைய 25,000 பேர் நின்னுக்கிட்டே பாடுறான், நீ நடுவுல நின்னு அழுவுற. அந்த ஊர் பாட்டுல ஒரு வார்த்தை புரியுமாடா உனக்கு? சின்ன வயசுல கூட எல்லாத்துக்கும் முதல்ல அழுவுறவன் நீதான், சீயான் டீச்சர் கிளாஸ் ஞாபகம் இருக்கா.

சரி விஷயத்துக்கு வரேன். போன மாசம் நம்ம சென்னையின் எஃப்சி டீமோட ஃபுட்பால் ஆட கேரளாக்காரங்க வந்தாங்க. பாப்பாவ முதல் தடவையா நேரு ஸ்டேடியத்துக்கு கூட்டிட்டுப் போனேன். நீல ஜெர்சி, கன்னத்துல பெயிண்ட், ரெண்டு நாளா தூக்கமே இல்ல அவளுக்கு. உள்ள போனா மேட்ச்சுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு, நம்ம பக்கம் அங்க ரெண்டு பேரு இங்க நாலு பேரு, அந்தப் பக்கம் மஞ்சப்படை ஒரே பிளாக்ல கட்டுக்கோப்பா நின்னு செண்டை வச்சு அடிக்க ஆரம்பிச்சுட்டான். அவங்க தலைய எண்ணிடலாம்டா, நாம அவங்கள மாதிரி பல மடங்கு. மேட்ச் ஆரம்பிச்சதும் நம்ம ஆளுங்களும் கத்துனாங்க, நல்லாத்தான் கத்துனாங்க, பி ஸ்டாண்ட் பக்கம் பசங்க விடாம பாடிக்கிட்டுதான் இருந்தாங்க, ஆனா நாங்க இருந்த பக்கம் ஒரு கோல் வாங்குனதும் கரண்ட் போன தெரு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டாவது கோலுக்கு எல்லாரும் போன எடுத்துட்டான். பாப்பா என் கைய இழுத்து கேக்குறா, "அப்பா, இது அவங்க ஊரு ஸ்டேடியமா?"

அதுல இருந்து எனக்கு சரியா தூக்கம் வரல. தோத்ததுக்கு இல்லடா, தோல்வி நமக்கு புதுசா? அவ கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

உனக்கு 2018 மார்ச் 17 ஞாபகம் இருக்கும். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் ஃபைனல், நாமளும் பெங்களூரும். அவங்க ஊரு, அவங்க கூட்டம், அவங்க ரசிகர் படை வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் அந்த ஸ்டாண்டையே குலுக்கிட்டிருந்தான், ரெண்டு டீமும் நீலம்ங்கறதால எங்க பாத்தாலும் நீலக்கடல். 9வது நிமிஷம் அவங்க சேத்ரி கோல் போட்டான். நம்ம பக்கத்துல இருந்த அந்த சின்னக் கூட்டம் ஒரே ஒரு நிமிஷம் கப்சிப். அப்புறம் நீதான்டா ஆரம்பிச்ச, தொண்டை கிழிஞ்சு போய் குரல் காக்கா மாதிரி இருந்துச்சு, ஆனா ஆரம்பிச்ச. பின்னாடியே எல்லாரும். 17வது நிமிஷம் நம்ம மைல்சன் ஆல்வ்ஸ் கார்னர்ல தலையால முட்டி கோல், ஹாஃப் டைமுக்கு முன்னாடி அதே மைல்சன் அதே மாதிரி இன்னொன்னு, அப்புறம் ரஃபேல் அகஸ்டோ, 3-2ன்னு கப்பு நம்ம கையில. நம்ம சத்தத்தாலதான் ஜெயிச்சோம்னு சொல்ல வரல. அடி வாங்குன நேரத்துல நாம நிறுத்தல, அவ்ளோதான் சொல்றேன். இப்ப நாம கோல் போட்டா கத்துறோம், கோல் வாங்குனா உக்காந்துடறோம். டீமுக்கு குரல் வேணுங்கற நேரத்துலதான் நம்ம வாய மூடிக்கிறோம். இத மாத்தணும்டா, இது ஒண்ணுதான் என் மண்டைல ஓடிக்கிட்டே இருக்கு.

பாஸ்கர்கிட்ட இதச் சொன்னா அவன், "டிராக் இருக்குடா, கிரவுண்டு தூரம், அதான் சத்தம் வரல"ன்னான். எல்லாரும் சொல்ற காரணம். உண்மைதான், 400 மீட்டர் ஓட்டப் பாதை சுத்தி இருக்கு, கோலுக்குப் பின்னாடி வளைவுல உக்காந்தா பந்து எறும்பு மாதிரி தெரியும். நீ அனுப்புன டார்ட்மண்ட் சுவர் கோலுக்கு நேர் பின்னாடி, புல்லுல இருந்து பத்தடி வச்சா ஸ்டாண்டு, அதை அப்படியே இங்க கொண்டாந்து வளைவுல வச்சா வேலைக்காகாது. நம்மள மாதிரி கிரவுண்டுல பக்கவாட்டு ஸ்டாண்டுதான் ஆட்டத்துக்கு கிட்ட, அங்கதான் கூடணும். ஆனா கண்டீரவாவும் டிராக் இருக்குற ஸ்டேடியம்தானே, அங்க எப்படி வருது? இதுக்கு பாஸ்கர்கிட்ட பதில் இல்ல, போன வச்சுட்டான்.

நான் யோசிச்சுப் பாத்ததுல மொத வேலை நெருக்கமா உக்கார்றது. 500 பேர் ஸ்டாண்டு முழுக்க சிதறி உக்காந்தா அது 500 தனித்தனி ஆளு, பக்கத்துல யாரும் பாடலன்னா நமக்கும் வாய் வராது, கூச்சம். அதே 500 பேர் தோளோட தோள் இடிச்சு ஒரே பிளாக்ல நின்னா பாடாம இருக்கறதுக்குத்தான் கூச்சப்படுவான். அதுக்கு டிக்கெட்ட ஒண்ணா எடுக்கணும். நம்ம தெரு, புளியந்தோப்பு பசங்க, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பசங்க எல்லாம் தனித்தனியா எடுக்குறதாலதான் ஆளுக்கொரு மூலைல கெடக்குறோம். இந்த தடவை நான் ஒரே பேர்ல 60 டிக்கெட் எடுக்கப் போறேன், காசு முன்னாடியே வாங்கிட்டுதான். முரளிகிட்ட மட்டும் ரெண்டு தடவை கேக்கணும், அது உனக்கே தெரியும்.

ரெண்டாவது தாளம். இது நான் புதுசா கத்துக்கிட்டது, கேளு. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர் போகும். எதிர் ஸ்டாண்டு 150 மீட்டர் தள்ளி இருந்தா நம்ம அடி அவனுக்கு போய்ச் சேர கிட்டத்தட்ட அரை செகண்டு. அவன் அதக் கேட்டு கை தட்டுனா, அந்தத் தட்டு நமக்கு திரும்பி வர இன்னொரு அரை செகண்டு. அதனாலதான் ஸ்டேடியம் முழுக்க சேர்ந்து பாடும்போது குழம்பிப் போகுது, நாம என்னமோ சென்னைக்காரனுக்கு தாளம் தெரியலன்னு நெனச்சிட்டிருந்தோம். காதால கேட்டு தட்டக்கூடாது, கண்ணால பாத்து தட்டணும். அதுக்கு ஒருத்தன் முன்னாடி உயரமா நின்னு கைய தூக்கி தூக்கி காட்டணும், அவன் கிரவுண்டுக்கு முதுகு காட்டி நிக்கணும், தொண்ணூறு நிமிஷமும் ஆட்டத்தப் பாக்கவே முடியாது. அதுக்கு யாரு வருவா சொல்லு? நான் நிக்கிறேன்னு சொல்லிட்டேன். ராஜிகிட்ட கூட சொல்லிட்டேன்.

மூணாவது, பாட்டு. இதுல எனக்கு கோவமே வருது. நம்ம ஊர் எப்பேர்ப்பட்ட ஊரு, கல்யாணமோ சாவோ ரெண்டு பேரு சேந்தா ஒருத்தன் டேபிள தட்டி கானா எடுத்து விடுவான், வரிய அந்த நிமிஷமே கட்டுவான். அந்த ஊர்க்காரன் ஸ்டேடியத்துக்கு வந்து இங்கிலாந்துக்காரன் மெட்டுல வாய்க்கு வராத வார்த்தைய முணுமுணுக்கறான். ரெண்டாவது வரிக்கு மேல யாருக்கும் தெரியாது, படுத்துடுது. எட்டு செகண்டுக்குள்ள முடியணும், ஒரு தடவை கேட்டா பக்கத்துல இருக்கற தாத்தாவுக்கும் வரணும். போன ஞாயித்துக்கிழமை பசங்களோட உக்காந்து ஒண்ணு கட்டுனோம். ஒருத்தன் "யாரு ஊரு?", கூட்டம் "எங்க ஊரு!", "யாரு டீமு?" "எங்க டீமு!", "தோத்தாலும்?" "எங்க டீமு!" அவ்ளோதான். அந்த "தோத்தாலும்" வரும்போது பசங்க கத்துன கத்துல மாடில இருந்து ஆயா எட்டிப் பாத்துச்சு. கோல் வாங்குன உடனே எடுக்கறதுக்குன்னே கட்டுனது அது.

பாப்பா கேட்டதுக்கு பதிலும் அதுலதான் இருக்கு, நான் மெனக்கெட்டு வைக்கல, தானா வந்து உக்காந்துச்சு.

இன்னொன்னு சீரியஸா சொல்றேன். கெட்ட வார்த்தை கூடாது. அன்னிக்கு எங்களுக்கு முன் வரிசைல ஒரு அம்மா ரெண்டு பொண்ணுங்களோட வந்திருந்தாங்க, பின்னாடி நாலு பேரு ரெஃபரிய திட்டுனதக் கேட்டுட்டு ஹாஃப் டைம்ல எழுந்து போயிட்டாங்க, திரும்பி வரல. மூணு குரல் போச்சு, அந்த ரெண்டு பொண்ணுங்க இனி வரவே மாட்டாங்க. பட்டாசு, புகை குச்சி இதெல்லாம் கொண்டு வரலாம்னு சின்னப் பசங்க கேட்டானுங்க, வேணவே வேணாம்னுட்டேன். 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ்ல ஈஸ்ட் பெங்கால் மோகன் பகான் மேட்ச், கேலரில அடிதடியாகி நெரிசல்ல 16 பேர் செத்துப் போனான். மேட்ச் பாக்க வந்தவன்டா, சாயங்காலம் வீட்டுக்கு வரேன்னு சொல்லிட்டு வந்தவன். பசங்களுக்கு இதத்தான் சொன்னேன், அப்புறம் யாரும் கேக்கல.

கொல்கத்தான்னதும் ஞாபகம் வருது. 2023 ஆகஸ்டு, அதே ரெண்டு டீமும் மோதுன டூரண்ட் கப் மேட்ச்ல நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சுதே, சால்ட் லேக் ஸ்டேடியம் ஒரு தமிழ்ப் பையன் பேரச் சொல்லி கத்துச்சு. அன்னிக்கு சந்தோஷத்துல எனக்கு சாப்பாடே எறங்கல, கூடவே நெஞ்சுல ஒரு முள்ளு. வியாசர்பாடில காலைல ஆறு மணிக்கு செருப்பில்லாம பந்து ஒதைக்கிற பசங்க எத்தனை பேரு, நம்ம டீமுக்கு ஆடுன தனபால் கணேஷ் அங்கருந்துதானே வந்தான். அந்தப் பசங்கள ஸ்டாண்டுல பாத்திருக்கியா? டிக்கெட் காசு, ராத்திரி திரும்ப வர்ற வழி, இதுதான் பிரச்சினை. 60 டிக்கெட்டுல 20 அவங்களுக்கு, நாம ஆளுக்கு கொஞ்சம் போட்டா முடிஞ்சுது. ஏழரை மணி மேட்ச், ஆறு மணிக்கு சென்ட்ரல்ல கூடி ரிப்பன் பில்டிங் பக்கமா எல்லாரும் சேந்து நடக்கணும், நடக்கும்போதே பாட ஆரம்பிக்கணும், உள்ள போறப்ப தொண்டை சூடா இருக்கணும். முடிஞ்சதும் ஒண்ணாவே நடந்து வந்து பசங்கள ரயில் ஏத்தி விடணும். ஜெயிச்சாலும் தோத்தாலும் பிளேயர்ஸ் நம்ம பக்கம் வந்து கை தட்டுற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது, 85வது நிமிஷம் பைக் எடுக்க ஓடுற பழக்கம் முதல்ல ஒழியணும். இதுல உன்னையும் சேத்துதான் சொல்றேன், கோவா மேட்ச் மறந்துடல.

பெர்லின்ல யூனியன் பெர்லின்னு ஒரு டீம் இருக்குல்ல, காசு இல்லாதப்ப 2,000 பேருக்கு மேல ரசிகனுங்களே வந்து செங்கல் சிமெண்ட் தூக்கி அவங்க ஸ்டேடியத்த கட்டிக் குடுத்தானுங்க, 2008, 2009ல. உனக்கு அது ட்ரெயின்ல போற தூரம், ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. அங்க யாரு பாட்ட ஆரம்பிக்கறான், எங்க நிக்கறான், கோல் வாங்குனா என்ன பண்றான், இதப் பாரு. அழுவுறத அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப உன்கிட்ட கேக்க வேண்டியது. உங்க வீட்டு பரண்ல உன் பறை இருக்குல்ல. டிரம்முக்கு கிளப்புல எழுதிக் குடுத்து பர்மிஷன் கேட்டிருக்கோம், குடுப்பாங்கன்னுதான் நெனக்கிறேன். ஸ்டேடியத்துல தீ மூட்டி தோல காய்ச்ச முடியாது, அதனால ஃபைபர் தோல் மாத்தணும், தண்டையார்பேட்டைல ஒருத்தர் போட்டுத் தரேன்னாரு. பழைய தோல தூக்கிப் போட மாட்டேன், பத்திரமா எடுத்து வச்சுடறேன், சத்தியமா. பாப்பாவுக்கு அடிக்க சொல்லிக் குடுக்கணும், நீ ஜனவரில வர்றப்ப அவ கைல பாரு.

அடுத்த ஹோம் மேட்ச் இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை போன்ல சொல்லிடு, ஞாயித்துக்கிழமை காலைல ஏணியோட வரேன்.

உன்
சேகர்