கேபிள் டிரம்மைத் தூக்கும் கருவிக்கு டெண்டரில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்ட பிறகு, மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லாதவர்கள் இல்லை. உலக வங்கி நிதியில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் ஆகிய ஊர்களுக்கும் அந்தத் திட்டம் போனது. எத்தனை கிலோமீட்டர் முடிந்தது, எத்தனை கோடி செலவானது என்று செய்திகள் வருகின்றன. ஆனால் அந்தக் கேபிள் லாரியிலிருந்து எப்படி இறங்குகிறது, பள்ளத்துக்குள் எப்படிப் போகிறது என்று எழுதி நான் படித்ததில்லை. நான் கேபிள் ஜாயின்டர், அதாவது கேபிள் முனைகளை இணைப்பவன். பழுதான இடத்தைத் தோண்டி, கேபிளைத் திறந்து பார்ப்பதுதான் என் தொழில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெருவோரம் கிடக்கும் பெரிய மர டிரம்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். நகரத்தில் அதிகம் போடப்படும் 11 கே.வி. (11,000 வோல்ட்) கேபிள், அதாவது ஒவ்வொன்றும் 300 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள மூன்று அலுமினியக் கோர்கள் (கடத்திகள்) கொண்டது, ஒரு மீட்டர் ஏறக்குறைய ஒன்பது கிலோ இருக்கும். 250 மீட்டர் சுற்றிய டிரம் என்றால், கட்டையோடு சேர்த்து இரண்டரை டன்னுக்குக் குறையாது. அதை இறக்க ஹைட்ரா என்ற சிறிய நடமாடும் கிரேன் வந்தால் நல்லகாலம். வராத இடங்களில் லாரியின் பின்பக்கம் பலகையைச் சாய்த்து, கயிறு கட்டி, கடப்பாரை கொடுத்து உருட்டுகிறார்கள். இன்னும் மோசமான இடங்களில் மணல் மூட்டைகள் மேலோ பழைய டயர்கள் மேலோ தள்ளிவிடுகிறார்கள். பிறகு இரண்டு ஜாக்கிகளுக்கு நடுவே தண்டு செருகித் தூக்கி நிறுத்துகிறார்கள். மழை பெய்து இளகிய மண்ணில் ஒரு பக்கத்து ஜாக்கி இறங்கிவிட்டால் டிரம் சாயும். நான் ஜாயின்ட் போடப் போன ஒரு இடத்தில் அப்படிச் சாய்ந்த டிரம்மின் விளிம்பு ஒரு தொழிலாளியின் பாதத்தின் மேல் இறங்கியது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். அதன் பிறகு அவர் இந்த வேலைக்கு வரவில்லை.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த மத்திய விதிகள், ஒரு ஆண் தொழிலாளி 55 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஒரு பெண் 30 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று வரம்பு வைத்தன. மூட்டைக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். உருளும் டிரம்மையும், முப்பது பேர் வரிசையாக நின்று இழுக்கும் கேபிளையும் எந்தத் தராசில் வைப்பது? முன்னால் நிற்பவர் கால் வழுக்கினால் அவர் பங்கு எடை அடுத்தவர் தோளுக்குப் போகிறது.

இதற்கெல்லாம் கருவி இல்லாமல் இல்லை. ஜே.சி.பி. போன்ற லோடர் வண்டிகளின் முன்பக்க பக்கெட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டும் டிரம் பிடிப்பான் வெளிநாடுகளில் சர்வசாதாரணம். இரண்டு இரும்புக் கைகள். டிரம்மின் நடுத் துளையில் செருகிய தண்டை அவை இரு முனைகளிலும் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். வண்டியின் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஒரு மோட்டார் டிரம்மை மெதுவாகச் சுழற்றும், வேண்டும்போது திருப்பியும் சுற்றும், பிரேக்கும் போடும். லாரியிலிருந்து டிரம்மை எடுத்து, பள்ளத்தின் ஓரமாக நகர்ந்துகொண்டே கேபிளை விட்டுக்கொண்டு போகலாம். பழைய கேபிளைத் தோண்டி எடுக்கும்போது அதே டிரம்மில் சுற்றி ஏற்றிவிடலாம். சுரங்கங்களில் ராட்சத மண்வெட்டி எந்திரங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கனமான கேபிள்களை இடம் மாற்றவும் இந்த வகைக் கருவிதான் உழைக்கிறது.

ஹைட்ராவே போதாதா என்று கேட்பார்கள். ஹைட்ராவில் டிரம் பெல்ட்டில் தொங்கும். வண்டி நகரும்போது ஆடும். ஆட்டத்தைத் தடுக்க இருபுறமும் ஆள் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், விபத்து நேர்வதும் அப்போதுதான். பிடிப்பானில் டிரம் வண்டியோடு ஒட்டி நிற்கும், ஆடாது. ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டிரம் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். எனவே முன்னால் நின்று சைகை காட்ட ஒருவர் கட்டாயம் வேண்டும். எல்லா லோடரும் இரண்டரை டன்னைத் தாங்கிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. வண்டியின் தூக்குதிறனைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். 33 கே.வி. கேபிளின் டிரம் இன்னும் கனம். அதற்கு டிராக்டரோ லாரியோ இழுக்கும் தாழ்வான கேபிள் டிரெய்லர்தான் சரி.

கேபிளுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் அடித்துச் சொல்ல முடியும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1255, கேபிள் பதிக்கும் முறையை 1983லேயே எழுதி வைத்திருக்கிறது. டிரம்மை அதில் போட்டிருக்கும் அம்புக்குறியின் திசையில்தான் உருட்ட வேண்டும், கேபிள் டிரம்மின் மேல்பக்கமாக வெளியே வர வேண்டும், 11 கே.வி. கேபிள் 0.9 மீட்டர் ஆழத்தில் படுக்க வேண்டும் என்றெல்லாம் தெளிவாக இருக்கிறது. அலுமினியக் கேபிளைச் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மூன்று கோருக்கும் 300 வீதம் 900 சதுர மில்லிமீட்டர், அதாவது 27,000 நியூட்டன், ஏறக்குறைய 2.7 டன் இழுவிசை. தளத்தில் நடப்பது என்ன? ஆள் வைத்து இழுக்காத இடங்களில் கேபிளின் முனையில் சங்கிலியைக் கட்டி ஜே.சி.பி.யின் பக்கெட்டில் மாட்டி இழுக்கிறார்கள். எத்தனை டன் இழுத்தது என்று காட்ட மீட்டர் எதுவும் கிடையாது. டிரம் பக்கம் பிரேக்காகப் பலகையை அழுத்திப் பிடிக்கிறார்கள். அது நழுவினால் டிரம் தறிகெட்டுச் சுழன்று, கேபிள் வளையம் வளையமாகத் தரையில் விழுந்து முறுக்கிக்கொள்கிறது. இந்தக் கேபிளை ஒரு மீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கவே கூடாது.

முறுக்கிய இடத்திலும், நடைபாதைக் கல்லில் உரசி மேலுறை கிழிந்த இடத்திலும் அன்றைக்கு எதுவும் தெரியாது. உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கும் ஹைபாட் சோதனையில்கூடப் பல நேரம் தேறிவிடும். அடுத்தடுத்த மழைகளில் தண்ணீர் உள்ளே போகும், ஆர்மர் என்ற இரும்புக் கவசம் துருப்பிடிக்கும். எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் மின்காப்புக்குள் ஈரம் மெல்ல மெல்ல வேர்விட்டு, சில ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் வெடிக்கும். ஒப்பந்தக்காரரின் உத்தரவாதக் காலம் அதற்குள் முடிந்திருக்கும். பழுதான துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும். ஒரு பழுதுக்கு இரண்டு ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்ட்டும் அந்த வழித்தடத்தில் புதிதாகச் சேரும் பலவீனம். என் கையால் போடுகிற ஜாயின்ட்டைப் பற்றியே இப்படிச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

எந்திரம் வந்தால் கூலிக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பேச்சும் இருக்கிறது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பள்ளத்தில் ரோலர் வைக்கவும், திருப்பங்களில் கேபிள் உரசாமல் பார்த்துக்கொள்ளவும், மணல் பரப்பவும், மேலே பாதுகாப்புக்குச் செங்கல்லோ ஓடோ அடுக்கவும் ஆட்கள் வேண்டும். கேபிளின் பாரம்தான் அவர்கள் தோளைவிட்டு இறங்கும். ஐம்பது வயதிலும் அவர்கள் அந்த வேலையைச் செய்ய முடியும்.

இறக்குமதி செய்யும் அளவுக்கு இது பெரிய விஷயமும் இல்லை. லாரியின் மேல் போர்வெல் ரிக்கைக் கட்டி நாடு முழுக்க அனுப்புகிற திருச்செங்கோட்டுப் பட்டறைக்காரர்களுக்கு, ஹைட்ராலிக் மோட்டாரும் பிரேக்கும் வைத்த இரண்டு கைகளைச் செய்வது பெரிய காரியமே அல்ல. தடை இருப்பது டெண்டரில். கேபிள் பதிக்க மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே விலை கேட்கிறார்கள். கருவி வைத்து வேலை செய்பவர் அந்தச் செலவைச் சேர்த்து எழுதினால், கடப்பாரையோடு வருபவரிடம் தோற்றுப்போகிறார்.

ஆகவே மின்வாரியத்துக்கு என் கோரிக்கை இதுதான். விலைப்பட்டியலில் டிரம்மை இறக்குவதற்கும் சுழற்றுவதற்கும் கருவி வாடகை என்று தனி வரி சேர்க்க வேண்டும். கருவி தளத்துக்கு வந்ததைப் பொறியாளர் பதிவேட்டில் குறித்த பிறகே அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும். இழுவிசை மீட்டரின் பதிவையும் பில்லோடு கேட்க வேண்டும். சிறு ஒப்பந்தக்காரர்களால் சொந்தமாக வாங்க முடியாது என்பதால், மின் பகிர்மான வட்டத்துக்கு ஒன்றிரண்டு கருவிகளை வாரியமே வாங்கி வாடகைக்கு விடலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து சாலை வெட்ட மறுபடி அனுமதி கிடைக்கும்போது வரப்போகும் டெண்டர்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், கேபிள் ஜாயின்டர்,
வியாசர்பாடி, சென்னை.