ட்ரோனும் கம்பமும்

அன்புள்ள மணிவண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். இனி மூக்குக்கண்ணாடியை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வை. என் முழங்கால் வலி பழையபடிதான் இருக்கிறது.

வாகனங்களுக்கு ட்ரோன் வழியாக இணைப்புக் கொடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்கிறாய். நடக்கும், ஆனால் எல்லா நேரமும் அல்ல.

வாகனங்கள் தமக்குள் பேசிக்கொள்ள 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அமெரிக்கா 1999-இலேயே ஒதுக்கியது. அந்த வசதியுள்ள வண்டி தன் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பத்து முறை வரை அறிவித்துக்கொண்டே போகும். திறந்த சாலையில் அந்த அறிவிப்பு சில நூறு மீட்டர் எட்டும். நகரத்திலோ தெருமுனைக் கட்டடம் ஒன்றே சிக்னலைப் பெரிதும் மங்கச் செய்துவிடும். எச்சரிக்கை மிகவும் தேவைப்படுவதும் அந்த முனையில்தான்! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். சந்திப்புக்கு மேலே நிற்கும் ட்ரோனுக்கு இரண்டு தெருக்களும் தெரியும். இங்கே வாங்கி அங்கே கொடுத்துவிடும்.

எவ்வளவு உயரத்தில் நிற்பது என்பது சுவையான கணக்கு. ஏற ஏறக் கட்டடங்களின் மறைப்பு குறையும், ஆனால் தூரம் கூடி சிக்னல் தேயும். போதாக்குறைக்கு, எங்கோ இருக்கும் செல்பேசிக் கோபுரங்களின் அலைகளும் தடையில்லாமல் வந்து இடையூறு செய்யும். கட்டடங்களின் உயரத்தையும் நெருக்கத்தையும் பொறுத்து ஏற்ற உயரம் மாறும்.

என்னை உறுத்துவது ரேடியோ அல்ல, பேட்டரி. செய்தி அனுப்பச் சில வாட் போதும். அந்தரத்தில் நிற்கவே நூற்றுக்கணக்கான வாட் வேண்டும். சாதாரண ட்ரோன் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒரு சந்திப்பை நாள் முழுவதும் காக்க ட்ரோன்களை மாற்றி மாற்றி ஏற்றுவதைவிட, விளக்குக் கம்பத்தில் ஓர் ஆண்டெனாவை மாட்டிவிட்டுப் போகலாம். (கம்பத்துக்குக் காற்றைப் பற்றிய கவலையும் இல்லை.) தரையிலிருந்து கம்பி கட்டி மின்சாரம் ஏற்றும் ட்ரோனும் உண்டு. 2017-இல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் அப்படி ஒன்றைப் பறக்கவிட்டுச் செல்பேசி இணைப்பு கொடுத்தது. நீண்ட நேரம் நிற்கும், ஆனால் வண்டிகளின் பின்னால் போகாது.

அதனால் வெள்ளம், பெரிய விபத்து, திடீர் நெரிசல் ஆகியவற்றுக்கு ட்ரோன், அன்றாடத்துக்குக் கம்பம். இதுதான் என் தீர்ப்பு. நீ போக்குவரத்துத் திட்டத்திலேயே தலை நரைத்தவன். கம்பம் நடவே முடியாத சந்திப்பு என்று ஏதாவது உண்டா? இருந்தால் எழுது, தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன்.

உன்,
இளங்கோ