மில் ஊரிலிருந்து அப்பாவுக்கு

கன்னாபோலிஸ், வட கரோலினா
ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறாள் என்று தம்பி சொன்னான். அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சார்லட்டில் வாடகை கட்டுப்படியாகாமல் வடக்கே அரை மணி நேரம் தள்ளி இந்த ஊருக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். வந்து மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, இது மில் ஊர். மில் இருந்த ஊர் என்று சொல்வதைவிட, மில் பெற்ற ஊர் என்றே சொல்லலாம். ஜேம்ஸ் கேனன் என்ற முதலாளி 1906-ல் நிலம் வாங்கி மில்லைக் கட்டி, சுற்றிலும் தொழிலாளிகளுக்கு வீடு கட்டியிருக்கிறார். குளியல் டவல்தான் முக்கியச் சரக்கு. வீடு, கடை எல்லாமே கம்பெனியுடையது. 1984 வரைக்கும் இந்த ஊருக்கு நகராட்சியே கிடையாது.

இப்போது மில் இல்லை. 2003 ஜூலை 30, ஒரே நாளில் மூடிவிட்டார்கள். இந்த மாநிலத்தில் மட்டும் கிட்டத்தட்ட 4,800 பேருக்கு வேலை போயிற்று. உங்களுக்கு வயிறு எரிகிற இன்னொரு சேதி: இங்கே சங்கம் வைக்க இருபத்தைந்து வருஷம் போராடி, 1999-ல்தான் ஓட்டெடுப்பில் ஜெயித்திருக்கிறார்கள். ஜெயித்த நாலாவது வருஷம் கதவு சாத்தியாயிற்று. புகைபோக்கிகளை வெடிவைத்து இடித்தார்களாம். நம் மில்லின் சங்கு கடைசியாக ஊதிய அன்று நீங்கள் சாப்பிடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் பேரன் நச்சரித்து எங்களை பேஸ்பால் பார்க்கக் கூட்டிப்போனான். மில் கடைவீதி இருந்த இடத்தில்தான் மைதானம். கோவில்பட்டிக்கு ஹாக்கி எப்படியோ, இந்தப் பக்கத்து மில் ஊர்களுக்கெல்லாம் பேஸ்பால் அப்படி. மில்லுக்கு மில் டீம் வைத்திருந்த காலம் உண்டு. நன்றாக அடிக்கிறவனுக்கு மில்லில் லேசான வேலையாகப் பார்த்துக் கொடுப்பார்களாம். உங்கள் மில்லில் ஹாக்கிக்காரர்களுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்ததைப் பற்றி நீங்கள் முணுமுணுப்பீர்களே, அதே கதை.

நாங்கள் பார்த்தது கரோலினா லீக். டிவியில் வருகிற பெரிய லீக் இல்லை, அதற்கு நாலு படி கீழே. பையன்களுக்கு வயது பத்தொன்பது, இருபது இருக்கும். சிகாகோ டீம் ஒன்று இவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வளரட்டும் என்று இங்கே விட்டிருக்கிறது. டிக்கெட், தின்பண்டம் எல்லாம் இங்கே டீமை நடத்துகிற முதலாளி கணக்கு. நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி வயலில் நடுகிற மாதிரி, தேறினவனை மேலே தூக்கிக்கொள்வார்கள். நூறு பேரில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று கேட்காதீர்கள்.

வேலை முடிந்து நூலகத்தில் உட்கார்ந்து இந்த லீக்கின் கதையைப் படித்தேன். 1945-ல் எட்டு டீமோடு ஆரம்பம். பர்லிங்டன், டான்வில் எல்லாம் துணி மில் ஊர். டர்ஹாமும் வின்ஸ்டன்-சேலமும் சிகரெட் ஊர். ஒரு டீமுக்கு மட்டும் ஓர் ஊர் போதாமல் லீக்ஸ்வில், டிரேப்பர், ஸ்ப்ரே என்று மூன்று குட்டி மில் ஊர் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. டீமின் பெயர் டிரிப்லெட்ஸ். ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகள்! கழுகுமலையும் கயத்தாறும் கடம்பூரும் சேர்ந்து ஒரு டீம் போட்ட மாதிரி. 1967-ல் அந்த மூன்றும் ஈடன் என்று ஒரே ஊராகவே ஆகிவிட்டன.

அப்போது இந்த மாதிரிச் சின்ன லீக்குகள் நாடு முழுக்க நிறைய. 1949-ல் 59 லீக் இருந்தன. அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, ஏசி வந்தது. சாயங்காலம் வீட்டை விட்டு யாரும் இறங்கவில்லை. லீக்குகள் வரிசையாகச் செத்தன. கரோலினா லீக் மட்டும் எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அதன் பெருமையை மட்டும் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதல் ஆறு வருஷம் கறுப்பர் ஒருவரைக்கூட ஆடவிடவில்லை. 1951-ல் பெர்சி மில்லர் என்பவர் டான்வில் டீமில் இறங்கியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. ஐந்து வருஷம் கழித்து கர்ட் ஃபிளட் என்ற பதினெட்டு வயதுப் பையன், மரச்சாமான் செய்கிற ஹை பாயின்ட்-தாமஸ்வில் ஊருக்கு ஆட வந்தான். கூட ஆடுகிறவர்கள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட, இவனுக்குப் பின்வாசலில்தான் சாப்பாடு. (நம் ஊர் டீக்கடையின் தனி கிளாஸ் ஞாபகம் வரவில்லையா?) அந்த சீசனில் அவன் பேட்டிங் சராசரி .340. அது இந்த ஆட்டத்தில் பெரிய கணக்கு. பின்னாளில் பெரிய ஆட்டக்காரராகி, என்னைக் கேட்காமல் என்னை வேறு டீமுக்கு விற்க நீங்கள் யார் என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1972-ல் தோற்றார். ஆனால் அவர் கிளப்பிய கேள்வியை அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

சின்ன லீக் பையன்களுக்கு 2022-ல்தான் சங்கம் அமைந்தது. அந்த வருஷம் வரை இந்தப் படியில் வாரம் 500 டாலர், அதுவும் சீசனில் மட்டும். சங்கம் பேசி முடித்ததும் 2023-லிருந்து வருஷத்துக்கு 26,200 டாலர். இங்கே அது பெரிய காசு இல்லை. ஆனாலும் இரட்டிப்புக்கு மேல். நீங்கள் இங்கே இருந்திருந்தால் வாசல் கூட்டம் போட்டு லட்டு கொடுத்திருப்பீர்கள்.

முதலாளிகளும் சும்மா இல்லை. 2021-ல் நாடு முழுக்க 160 டீமை 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். அந்த மாற்றத்தில்தான் எங்கள் ஊர் டீம் வேறு லீக்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. எங்களுக்கு அதிர்ஷ்டம், நாற்பது ஊருக்குத் துக்கம். கின்ஸ்டன் என்ற ஊரின் டீமும் போன வருஷத்தோடு மூட்டை கட்டிப் போய்விட்டது. மில் போன மாதிரிதான். மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றினால் முடிந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் டீமுக்குக் கொஞ்ச வருஷம் 'போல் வீவில்ஸ்' என்று பெயர் இருந்ததாம். என்னவென்று தேடினால், பருத்திக் காயைத் துளைத்து நாசம் பண்ணுகிற கூன்வண்டு! பஞ்சை நம்பிப் பிழைத்த ஊர், பருத்தியின் எமனுடைய பெயரை டீமுக்கு வைத்திருக்கிறது. கரிசல்காட்டு ஆள்கள்கூட இவ்வளவு குசும்பு பண்ணமாட்டார்கள். இப்போதைய பெயர் கேனன் பாலர்ஸ். பீரங்கிக் குண்டும் ஆயிற்று, பழைய முதலாளி பெயரும் ஆயிற்று.

ஆட்டத்தன்று பக்கத்து சீட்டில் எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி. மடியில் பை நிறைய அவித்த கடலை. ஆமாம் அப்பா, தோலோடு உப்புப் போட்டு அவித்தது, இந்தப் பக்கத்தில் அது பிரசித்தம். உங்கள் பேரனுக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். விரலால் அழுத்தின வேகத்தில் கடலைத் தண்ணீர் என் சேலையில் தெறித்தது. எங்கப்பா ஸ்பின்னிங்கில் ரிங் பிரேம் ஓட்டினவர் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முப்பது வருஷம் டவல் தைக்கிற செக்‌ஷனில் இருந்தவள்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. சுற்றி எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் மெதுவாக அசைத்துப் பேசினாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் எங்களிடம் பேசுவீர்களே, அப்படியே. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அப்பாவுக்குக் காது எப்படி என்றுதான் கேட்டாள்.

தம்பி சொன்ன காது டாக்டரிடம் இந்த மாதமாவது போய்விட்டு வாருங்கள். பணம் 5-ஆம் தேதி போடுகிறேன். அம்மாவிடம் சொல்லிக் கடலைமிட்டாய் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பாக்கெட் கூடுதலாக. பாட்டிக்கு.

உங்கள் சின்னவள்